சிலம்பம், கராத்தே கற்ற விசுவாசிகளே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெல்லைக் கம்பு:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை வாசல். பைக்கை எடுக்கும்போது பின்னால் நின்ற ஸ்கூட்டரில் லேசாக உரசிவிட்டது. தப்பு என்னுடையதுதான். திரும்பி ‘சாரிண்ணே’ என்று சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் ஒன்று விழுந்தது. நாற்பது வயதிருக்கும் அவருக்கு.

நாலு வருடமாகக் கம்பு சுற்றுகிறேன். அடுத்த அடிக்கு அவர் தோள் இறங்கியதுமே எந்தப் பக்கம் வரும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அந்த அரை நொடியில் அவருடைய தாடை, விலா, முழங்கால் எல்லாம் காவல் இல்லாத வீடு மாதிரி திறந்து கிடந்தன. நான் வலது காலை ஒரு எட்டு பின்னால் வாங்கினேன். அவ்வளவுதான். முதல் வருடம் முழுக்கக் கம்பையே தராமல் வாத்தியார் போடவைத்த அதே காலடி. அவர் கை காற்றில் போயிற்று, ஆளும் கூடவே சரிந்தார். பிடித்துக்கொண்டேன். ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டியிருந்த எக்ஸ்ரே கவர் ரோட்டில் விழுந்தது. எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

பழைய ஆளாக இருந்தால் அன்றைக்கு ராத்திரி போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். காலேஜ் நாட்களில் உட்கார்ந்தும் இருக்கிறேன். அந்த வகையில் சந்தோஷம்தான். ஆனால் மறு கன்னத்தைத் திருப்பிக் கொடு என்றல்லவா இருக்கிறது? நான் விலகிவிட்டேனே. கீழ்ப்படிந்தேனா, இல்லை சாமர்த்தியமாகத் தப்பித்தேனா?

அப்புறம், என் சித்தப்பா உபதேசியார். நான் கம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் “பவுலே சிலம்பம்பண்ணேன்னு எழுதி வச்சுட்டாரு, உனக்கு என்னடே” என்பார். சிலம்பம் பண்ண மாட்டேன் என்று அர்த்தம். நம் வேதாகமத்தில் அப்படித்தான் இருக்கிறது, 1 கொரிந்தியர் 9:26. இதற்குப் பதில் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

பிரவுன்பெல்ட் அம்மா:
மகனைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் செருப்புகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். எட்டு மாதம் கழித்து நானும் உள்ளே போனேன். அவன் நிறுத்திவிட்டான், நான் நிறுத்தவில்லை.

வகுப்பு ஆரம்பத்திலும் முடிவிலும் ‘மொக்குசோ’ சொல்வார்கள். முட்டிபோட்டு உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். எங்கள் ஜெபக்குழு அக்கா ஒருவர், மனதைக் காலியாக வைத்தால் வேறு ஏதாவது புகுந்துவிடும் என்று பயமுறுத்தினார். பயந்துபோய், காலியாக விடாமல் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். சென்செய், அதாவது மாஸ்டர், நிறுத்தச் சொல்லி ‘யாமே’ என்று குரல் கொடுக்கும்போது பெரும்பாலும் நான் “எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்” என்ற இடத்தில்தான் இருப்பேன். மீதி ஜெபத்தை முடிக்காமலே எழுந்து குமித்தேக்கு, நேருக்கு நேர் மோதும் பயிற்சிக்கு, போய்விடுவேன். ஆறு வருடமாக அந்தப் பாதி ஜெபத்தோடுதான் எதிராளி முன்னால் நிற்கிறேன்.

எனக்கு மறக்க முடியாதது முதல் ‘கீ-ஆய்’தான். குத்தும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டுமே, அது. சத்தமே வரவில்லை. வீட்டிலும் சபையிலும் மெதுவாகப் பேசிப் பழகிய தொண்டை. “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று பதினைந்து தடவையாவது கேட்டிருப்பார்கள். கடைசியில் வந்தது கத்தல் இல்லை, அழுகை. பத்து வயதுப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் குரல் வந்தது. இப்போது சங்கீதம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், மைக் வேண்டாம் என்பதால்.

ஒரே குறை, அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு, கிரேடிங், எப்போதும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு!

குமரிக்காரன்:
சிலம்பம், கராத்தே என்றே பேசுகிறீர்கள், எங்கள் ஊர் அடிமுறையை மறந்துவிடாதீர்கள் மக்கா. எங்கள் ஆசான் கத்தோலிக்கர். சிலுவை போட்டுவிட்டுத்தான் களரிக்குள் இறங்குவார். நாங்கள் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவோமா மாட்டோமா என்று அவர் கவனித்ததே இல்லை.

உடம்பில் அடிபடக்கூடாத இடங்கள்தான் வர்மம், மொத்தம் 108. அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, தொடுவர்மம் 96. பதினெட்டு வயதில் எனக்கு அந்தப் பன்னிரண்டின் மேல்தான் கண். ஒருநாள் கேட்டேவிட்டேன். ஆசான் என் கையைப் பிடித்து முழங்கைப் பக்கம் விரலால் ஓர் அழுத்து. விரல் நுனிவரை மரத்துத் தொங்கியது. அப்படியே விட்டுவிட்டு வெற்றிலை போட்டார். நான் பயந்து முழிக்கிறேன். மென்று துப்பிவிட்டு வந்து, எண்ணெய் தொட்டு இளக்கிவிட்டார். “இளக்கத் தெரியாதவனுக்கு அடிக்கச் சொல்லித்தர மாட்டேன்.” அதற்குப் பிறகு இரண்டு வருடம் எண்ணெய்க் கிண்ணம்தான். அந்தப் பன்னிரண்டில் இன்றுவரை எனக்குத் தெரிந்தது நாலு.

நெல்லைக் கம்பு, அந்த ஆளைத் தாங்கிப் பிடித்தீர்களே, அதுதான் இளக்குமுறை. போய்த் தூங்குங்கள்.

பழைய மூப்பர்:
நானும் 1980களில் கராத்தே கற்றவன்தான். ஓடு உடைக்கப் போய்க் கை முட்டி வீங்கி, ஒரு மாதம் திருவிருந்துத் தட்டைப் பிடிக்க முடியவில்லை. அத்தோடு விட்டுவிட்டேன்.

வாலிபர்களுக்குச் சில ஆலோசனைகள். முதலாவது, “சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது” என்ற வசனத்தை மறக்க வேண்டாம். ஞாயிறு கிரேடிங் என்றால் மாஸ்டரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார். குத்துவிளக்கு ஏற்றச் சொன்னால் தானியேலைப் போலப் பணிவாக மறுத்துவிட்டு ஓரமாய் நில்லுங்கள், வாதம் செய்ய வேண்டாம். பல்லுக்குக் கார்டு போடுங்கள், பல் கட்டுகிற செலவு இன்றைக்குச் சாதாரணம் இல்லை. வெறும் வயிற்றில் போகாதீர்கள், ஒரு வாழைப்பழம் போதும். கம்பு நெற்றி உயரம் இருக்க வேண்டும், ஆன்லைனில் வாங்காமல் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். நல்ல ஷூ போட்டுக் கம்பு சுற்றுங்கள். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் இப்போது சிலம்பமும் இருக்கிறது, ஆகையால் சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். செல்போனில் வீடியோ பார்த்துக் கற்காதீர்கள். சகோதரிகள் பெண் பயிற்சியாளரிடம் கற்பது நலம். கடைசியாக, அடித்தவரை மன்னித்தால் போதாது, விலாசம் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்து ஜெபித்திருக்க வேண்டும்.

பிரவுன்பெல்ட் அம்மா:
மூப்பர் ஐயா, அற்பமானாலும் பிரயோஜனம் என்றுதானே அதே வசனத்தில் இருக்கிறது? என் சுகர் மாத்திரை ஒன்று குறைந்தது அந்த அற்பத்தில்தான். என் சென்செய் ஆண். கீ-ஆய் வருகிறவரை பொறுமையாக நின்றவரும் அவர்தான்.

கிரேக்கம் படிக்கிறவன்:
உபதேசியார் சித்தப்பாவுக்கு. பவுல் எழுதிய சொல் குத்துச்சண்டையைக் குறிப்பது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைச் சிலம்பம் ஆக்கினார்கள், நம் ஆளுக்குப் புரியட்டும் என்று நினைத்திருப்பார்கள். வசனத்தையும் பாதியில் நிறுத்தக் கூடாது. “ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்.” சண்டையே போடமாட்டேன் என்றா சொல்கிறார்? வீணாகக் காற்றில் வீசமாட்டேன் என்கிறார். கொரிந்துக்குப் பக்கத்திலேயே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடக்கும், ஜெயித்தவனுக்கு இலைக் கிரீடம்தான் பரிசு. கடிதத்தைக் கேட்டவர்களுக்கு இதெல்லாம் கண் முன்னால் நடந்த விஷயம். அடுத்த வசனத்தில் “என் சரீரத்தை ஒடுக்கி” என்று வருகிறதே, அந்தச் சொல்லின் நேர் அர்த்தம் கண்ணுக்குக் கீழே குத்துவது. அதாவது தன்னைத்தானே.

மறு கன்னம் பற்றியும் ஒன்று. இயேசு சொன்னது வலது கன்னம். எதிரே நிற்கிறவன் வலது கையால் அங்கே அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் முடியும். அது அவமானப்படுத்துகிற அடி என்று பலர் விளக்குகிறார்கள். உங்களுக்கு எந்தக் கன்னம்?

நெல்லைக் கம்பு:
இடது. அதுவும் உள்ளங்கையால்தான். அதனால் எனக்குச் சலுகை உண்டா என்று தெரியவில்லை.

சித்தப்பாவிடம் கண்ணுக்குக் கீழே குத்துகிற விஷயத்தைச் சொன்னேன். “சரிடே, அப்ப உன்னையே குத்திக்கோ, ஊர்ல யாருக்கும் நஷ்டமில்ல” என்றார். ஆனால் நேற்று என் கம்பை வாங்கி நெற்றிக்கு நேராக வைத்து அளந்து பார்த்தார்.

மூப்பர் ஐயா, ஷூ போட்டெல்லாம் சுற்ற மாட்டோம், மண்ணில் வெறுங்கால்தான். நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் குத்துகிறது. விலாசம் தெரியாது. எக்ஸ்ரே கவரைத் தூசி தட்டும்போது மேலே எழுதியிருந்ததைப் பார்த்தேன், முதல் பதிவில் எழுதாமல் விட்டுவிட்டேன். ஒரு பெண்பிள்ளையின் பெயர். வயது 9.