சரிவு நிலத்துல ஃப்ரேம்: ரோட்டோர கட்டை கொலம் ஷியர்ல சிவப்பாகுது, பின் சப்போர்ட் போடலாமா?

லிந்துலை_சிவில்:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. இலங்கை மலைநாட்டுல தலவாக்கலை பக்கம் ஒரு கட்டடம், கீழ கடை, மேல ரெண்டு மாடி வீடு, 12க்கு 9 மீட்டர். நிலம் ரோட்டுல இருந்து பள்ளத்துப் பக்கம் இறங்குது. கடைத் தரை ரோட்டு மட்டத்துல, அதுக்குக் கீழ கொலம் (தூண்) மூணு வரிசை. ரோட்டோரம் 1.2 மீட்டர், நடு வரிசை 2.4, பள்ளத்தோரம் 3.6, எல்லாமே 300க்கு 300 மி.மீ. ஈடாப்ஸ்ல (கட்டடக் கணக்குப் போடுற சொஃப்ட்வெயார்) முதல்ல எல்லாத்தையும் 3.6னு ஒரே பேஸ்ல வெச்சு ரன் பண்ணினேன், எல்லாம் பாஸ். அப்புறம் நிலத்துல இருக்கிற மாதிரியே நீளத்த மாத்தினதும் ரோட்டோர வரிசை மட்டும் ஷியர்ல (கொலத்த குறுக்கால வெட்டுற விசை) சிவப்பா, அதாவது ஃபெயில்னு வருது, பள்ளத்தோரம் இருக்கிற நெட்டை கொலத்துல ஒண்ணுமே இல்ல. எனக்கு நேர்மாறா தான் வரும்னு நெனப்பு இருந்துச்சு. ஒபிஸ்ல ஒருத்தர் அந்த வரிசைக்கு பின் சப்போர்ட் (கொலத்தோட அடி திரும்ப விடுற பிடிப்பு) குடு, சிவப்பு போயிடும்னு சொல்றார். போடலாமா? இன்னொன்னு, வீட்டுக்காரர் நடு வரிசை வரைக்கும் மண்ண வெட்டி கடைக்குக் கீழ ஸ்டோர் ரூம் வேணும்ங்கிறார், 2.4 மீட்டர் மண்ணு அந்த கொலத்தோட சேர்ந்த சுவத்துல தான் நிக்கும். அத எப்படி மொடல்ல குடுக்கிறது?

ஊவா_பொறியியல்:
தம்பி, ரெண்டாவது மொடல் தான் சரி, அத விட்டுடாதீங்க. கொலத்தோட பக்கவாட்டு விறைப்பு 12EI/L³ (EI கொலத்தோட வளைவு விறைப்பு, L நீளம்), நீளம் மூணுல ஒரு பங்கானா விறைப்பு 27 மடங்கு. மேல ஸ்லப் மூணு வரிசையையும் ஒண்ணா தள்ளுது, அசைவு எல்லாத்துக்கும் ஒண்ணு தான், அதனால விறைப்பா நிக்கிறவன் தான் சுமையை வாங்குவான். உங்க மூணு நீளத்துக்கும் கையாலயே போட்டுப் பாருங்க, ரோட்டோரம் நூத்துக்கு 86, நடு 11, பள்ளத்தோரம் 3 வரும். சொஃப்ட்வெயார் காட்டுறது அதைத்தான்.

பின் போட்டா என்ன ஆகும்? எல்லா வரிசைக்கும் போட்டா 12EI எல்லாம் 3EI ஆகும், பங்கு அதே 86 தான், ஆனா அந்தத் தளம் நாலு மடங்கு அசையும். ரோட்டோரத்துக்கு மட்டும் போட்டாலும் அந்த வரிசை 60க்கு மேல தான் வாங்கும். சிவப்பு போகலாம், கொலம் அதே கட்டை கொலம் தான். இதுவும் சரிவோட நேரா தள்ளுற காத்துக்கு மட்டும். சரிவுக்குக் குறுக்கால வர்ற காத்துக்கு விறைப்பு மையம் ரோட்டுப் பக்கம் ஒதுங்கி இருக்கும், காத்து தள்ளுற தள்ளு நடுவுல விழும், அதனால முறுக்கல் வரும், அப்போ பள்ளத்தோர மூலைக் கொலம் தான் அதிகமா அசையும். மோட் ஷேப்ப (கட்டடம் ஆடுற விதம்) அனிமேஷன்ல ஓட்டிப் பாருங்க, கண்ணுக்கே தெரியும்.

இன்னும் ரெண்டு விசயம் பாத்துடுங்க. பேஸ் லெவல்ல மட்டும் தான் வழக்கமா சப்போர்ட் தானா விழும், மேல நிக்கிற கொலத்துக்கெல்லாம் நீங்க தான் ஜொயின்ட்ட பிடிச்சு போடணும். ரெண்டாவது, செல்ஃப் வெயிட் மல்டிப்ளையர் (கட்டடத்தோட சொந்தப் பாரத்த சேக்கிற எண்) டெட் லோட்ல மட்டும் 1, மத்ததெல்லாம் 0. ரன் ஆனதும் சப்போர்ட்ல வர்ற மொத்த செங்குத்து ரியாக்‌ஷன எடுத்து கையால போட்ட பாரத்தோட ஒத்துப் பாக்காம ஒரு கம்பியும் டிசைன் பண்ணாதீங்க.

சைட்_பாஸ்:
நான் சைட்காரன், மொடல் விசயம் அவர் சொன்னதே போதும். அந்த கட்டை கொலத்துல பீம் ஆழம் 450ன்னா மிச்சம் 750 மி.மீ. தான், 300 கொலத்துக்கு ரெண்டரை மடங்கு. யூரோகோட் 8ல (ஐரோப்பிய பூமி அதிர்ச்சி டிசைன் விதி) இந்த மிச்ச நீளம் கொல அகலத்தோட மூணு மடங்குக்குக் குறைஞ்சா முழு உயரமும் கிரிட்டிக்கல் ரீஜன், அதாவது கீழயும் மேலயும் மட்டும் ஸ்டிரப்ப (சுத்திக் கட்டுற வளையக் கம்பி) நெருக்கி நடுவுல தளத்தி விட முடியாது. நம்ம பக்கம் பூமி அதிர்ச்சி குறைவு தான், ஆனா ஷியர்ல உடையிற கொலம் முன்கூட்டி சொல்லிட்டு உடையாது, அதனால ஸ்டிரப்ப கடைசி வரைக்கும் நெருக்கியே கட்டச் சொல்லுங்க. முடிஞ்சா ரோட்டோர ஃபூட்டிங்கையே இன்னும் ஆழத்துக்கு இறக்குங்க, கொலத்தச் சுத்தி மண்ணு தொடாம ஒரு குழி மாதிரி விட்டா நீளம் உண்மையாவே கூடும். இல்லனா பள்ளத்தோரத்துல ஒரு ஷியர் வோல் (பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குற கொங்கிரீட் சுவர்) குடுத்து விறைப்ப சமப்படுத்துங்க.

ஸ்டோர் ரூம் விசயத்துல தான் எனக்குப் பயம். 2.4 மீட்டர் மண்ணு, 18 கிலோநியூட்டன் அடர்த்தி, அசையாத சுவருக்கு K0 (மண்ணோட பக்கவாட்டு அழுத்த விகிதம்) 0.5ன்னா மீட்டருக்கு 26 கிலோநியூட்டன், 12 மீட்டருக்கு 311. ரோட்டுல லொறி நிக்கும்னு சதுர மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் சர்ச்சார்ஜ் (மண்ணுக்கு மேல வர்ற பாரம்) வெச்சா இன்னும் 144. காத்து அடிக்கிற 12க்கு 10 மீட்டர் முகத்துக்கு சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன்னு வெச்சாலே 120 தான். அதுவும் காத்து வந்து போயிடும், மண்ணு ராப்பகலா தள்ளும். தண்ணி தேங்கினா தண்ணி மட்டுமே மீட்டருக்கு 28. நம்ம ஊர் மழையில வீப் ஹோல் (சுவத்துல தண்ணி வடியிற ஓட்டை) அடைச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். சுவர கொலத்தோட கட்டாதீங்க, கருங்கல்லுலயோ கொங்கிரீட்லயோ தனியா நிக்க வெச்சு, பின்னால சல்லி போட்டு தண்ணிக்கு வழி விட்டு, கட்டடத்துக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி விடுங்க.

ஊவா_பொறியியல்:
பாஸ் சொன்னதோட ஒண்ணு சேக்கிறேன். சேத்துத்தான் கட்டணும்னா மண் அழுத்தத்த ஷெல்லுக்கு (மொடல்ல சுவரா வர்ற தகடு) முக்கோணமா குடுங்க, ஆனா அந்தத் தளத்துல ரிஜிட் டயஃப்ரம் (ஸ்லப் கொஞ்சமும் நெளியாதுனு வெக்கிறது) போடாதீங்க. ரிஜிட் போட்டா பீம்ல எக்சியல் ஃபோர்ஸ் (நீளவாக்குல வர்ற விசை) சைபர்னு வரும், மண்ணு தள்ளுற தள்ளு எந்த பீம் வழியா போகுதுனே தெரியாது. ஸ்லப்போட நிஜ விறைப்ப எடுக்கிற செமி-ரிஜிட் போடுங்க.

லிந்துலை_சிவில்:
ரொம்ப நன்றிங்க. சுவர தனியா வெக்கலாம்னு வீட்டுக்காரர்கிட்ட பேசுறேன், இடம் கொஞ்சம் போகும், அவர் யோசிப்பார், ஆனா அந்த 311ஐ காட்டினா கேப்பார்னு நெனக்கிறேன். ஃபூட்டிங் 1.5க்கு 1.5, மண் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 150 கிலோநியூட்டன்னு சொயில் ரிப்போர்ட்ல இருக்கு. அடியை ஃபிக்ஸ்ட் (திரும்பவே விடாத பிடிப்பு) வெக்கிறதா, ஸ்பிரிங் (மண்ணு விட்டுக் குடுக்கிற மாதிரி) வெக்கிறதா?

ஊவா_பொறியியல்:
ரெண்டும் வெச்சு ஓட்டுங்க தம்பி. 150ஐ சேஃப்டி ஃபேக்டர் 3ஆல பெருக்கி 25 மி.மீ. இறக்கத்தால வகுத்தா சப்கிரேட் மதிப்பு (மண்ணோட விறைப்பு) 18000 வரும், உங்க ஃபூட்டிங்குக்கு சுழற்சி ஸ்பிரிங் ஏறக்குறைய 7600 கிலோநியூட்டன் மீட்டர். அதே நேரம் 1.2 மீட்டர் கொலத்தோட 4EI/L (திரும்பலுக்கு விறைப்பு) வெடிப்பு பாக்காம 60000 கிட்ட. அதாவது ஃபூட்டிங் அங்க பின்னுக்குக் கிட்டத்தான் நடந்துக்கும். ஒபிஸ்காரர் சொன்னதுல அவ்வளவு உண்மை இருக்கு, ஆனா சிவப்ப போக்குறதுக்காக போடக்கூடாது. ஷியருக்கு ஃபிக்ஸ்ட் மொடல்ல வர்றத எடுங்க, அசைவுக்கு ஸ்பிரிங் மொடல்ல வர்றத எடுங்க, பீமுக்கு ரெண்டுல எது பெருசோ அது. கொலத்துக்கு 0.7, பீமுக்கு 0.35னு வெடிப்புக்காக விறைப்புக் குறைப்பும் குடுத்துடுங்க.

அப்புறம், வெட்டுறதுக்கு முன்னால தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தோட அனுமதி எடுத்தாச்சா? நுவரெலியா, பதுளை பக்கமெல்லாம் அது இல்லாம மண்ணுல கை வெக்கக் கூடாது. 2014ல மீரியபெத்த மண்சரிவுல முழு லயமே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) மண்ணுக்குள்ள போனத நாம பாத்தவங்க. நீங்க ஃபிக்ஸ்ட் போட்டாலும் ஸ்பிரிங் போட்டாலும் மொடல் அந்த சரிவு அசையாதுனு நம்பித்தான் கணக்குப் பண்ணும்.

லிந்துலை_சிவில்:
விண்ணப்பம் குடுத்திருக்கு, இன்னும் வந்து பாக்கல. அது வர்ற வரைக்கும் ஸ்டோர் ரூம் வெட்ட விடமாட்டேன். செமி-ரிஜிட்ல ரன் பண்ணிட்டு ரியாக்‌ஷன் கணக்கோட இங்கயே போடுறேன்.