ஒரு கிறுக்கல் வரைபடத்துக்காகப் படத்தையே தடை செய்வார்களா?

பின்வரிசை:
2023 ஜூலையில் வியட்நாம் 'பார்பி' படத்தைத் தடை செய்ததைப் பற்றி இப்போதுதான் விவரமாகப் படித்தேன். ஒரு காட்சியில் கிரேயானில் கிறுக்கிய மாதிரி உலக வரைபடம் வருகிறது, ஆசியா என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சில துண்டுக் கோடுகள். அது தென்சீனக் கடலில் சீனா உரிமை கொண்டாடும் 'நைன் டேஷ் லைன்' என்கிறது வியட்நாம். சிறுபிள்ளை வரைந்த மாதிரி போட்டோம், வேறு உள்நோக்கம் இல்லை என்கிறது படக் கம்பெனி வார்னர் பிரதர்ஸ். அதே கடலுக்காக மல்லுக்கட்டும் பிலிப்பைன்ஸே கோடுகளை மங்கலாக்கச் சொல்லிவிட்டுப் படத்தை ஓடவிட்டது. வியட்நாமுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? பொம்மைப் படம் பார்த்துவிட்டு யாராவது கடலை எழுதிக் கொடுத்துவிடுவார்களா என்ன?

கடலோடி:
இந்த ஒரு படத்தை மட்டும் எடுத்தால் அபத்தமாகத்தான் தெரியும் நண்பரே. 2019ல் 'அபாமினபிள்' கார்ட்டூன், 2021ல் நெட்ஃபிளிக்ஸில் ஓடிய ஓர் ஆஸ்திரேலியத் தொடர், 2022ல் 'அன்சார்ட்டட்', எல்லாம் இதே கோட்டுக்காக அங்கே திரையிலிருந்து போனவை. பார்பி தடையான அதே மாதம் ஹனோயில் கொரியப் பாடகிகள் குழு பிளாக்பிங்கின் கச்சேரி. ஏற்பாடு செய்த கம்பெனியின் இணையதளத்தில் அந்த வரைபடம் இருக்கிறது என்று நெட்டில் பெரிய ரகளையாகி, கம்பெனி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அடங்கியது. அதாவது கோபம் சென்சார் அதிகாரிகளோடு நிற்கவில்லை.

காரணம் பழசு. 1974ல் அந்தக் கடலின் பாராசெல் தீவுகள் முழுதும் சீனாவிடம் போயின (அதில் ஒரு பகுதி அதுவரை தென்வியட்நாம் கையில் இருந்தது). 1988ல் அதே கடலின் ஸ்ப்ராட்லி தீவுப் பகுதியில் ஒரு திட்டுக்காகச் சீனாவோடு நடந்த மோதலில் 64 வியட்நாம் வீரர்கள் செத்தார்கள். பிலிப்பைன்ஸ் வழக்குப் போட்டு, 2016ல் ஹேக் நடுவர் மன்றத்தில் அந்தக் கோட்டுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பே வாங்கிவிட்டது. சீனா ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். வியட்நாம் பெயரில் அப்படி ஒரு தீர்ப்பு இல்லை, அதனால்தான் கண்ணில் படும் ஒவ்வொரு வரைபடத்துக்கும் எதிர்ப்பைப் பதிவு செய்கிறது என்பது என் கணிப்பு.

கிள்ளான்வாசி:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். 'அபாமினபிள்' இங்கேயும் தியேட்டருக்கு வரவில்லை. வரைபடக் காட்சியை வெட்டு என்றது எங்கள் சென்சார், படத்தை வெளியிடும் யுனிவர்சல் கம்பெனி வெட்ட மாட்டேன் என்று படத்தையே வெளியிடவில்லை. அது அமெரிக்காவின் ட்ரீம்வொர்க்ஸும் சீனாவின் ஷாங்காய் பேர்ல் ஸ்டூடியோவும் சேர்ந்து எடுத்த படம். வெட்டினால் சீனாவில் வம்பு, வெட்டாவிட்டால் இங்கே சின்ன வசூல்தானே போகும் என்று யோசித்திருப்பார்கள் போல. எங்கள் சபா, சரவாக் மாநிலங்களின் பக்கத்துக் கடலையும் அந்தக் கோடு தொட்டுக்கொண்டு போகிறது, அதனால் எங்களுக்கு இது பொம்மை விஷயமில்லை.

பின்வரிசை:
சரி, புரிகிறது. ஆனால் தடை செய்த பிறகுதானே எனக்கே இப்படி ஒரு கோடு இருப்பது தெரிந்தது! இது சீனாவுக்கு இலவச விளம்பரம் இல்லையா?

தபால்பெட்டி:
தெரிந்தது சரி, எப்படித் தெரிந்தது? 'தகராறில் இருக்கும் கோடு' என்றுதானே? அதுதான் அவர்களுக்கு வேண்டியது. தம்பி, வியட்நாமைப் பார்த்துச் சிரிக்கும் முன் நம் ஊரைப் பாருங்கள். 2011ல் 'எகானமிஸ்ட்' இதழில் வந்த காஷ்மீர் வரைபடத்தின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டித்தான் இந்தியாவில் விற்றார்கள். அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று சட்டமே இருக்கிறது. 2012ல் சீனா தன் பாஸ்போர்ட்டிலேயே அருணாசலப் பிரதேசத்தையும் இந்தக் கடல் கோட்டையும் சேர்த்து அச்சடித்தபோது, வியட்நாம் அந்தப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாமல் தனித்தாளில் விசா கொடுத்தது. நம் ஆட்கள் இந்திய வரைபடம் போட்ட விசாவையே அதன் மேல் குத்தி அனுப்பினார்கள் 😄

ரீல்பெட்டி:
எல்லாரும் தடை போடும் நாட்டையே பேசுகிறீர்கள். எனக்கு எரிச்சல், யாரும் தடை போடாமலே தானாக வளைகிற ஸ்டூடியோக்கள் மேல்தான். 2012 'ரெட் டான்' ரீமேக்கில் அமெரிக்காவைப் பிடிப்பது சீனப் படை. எடுத்து முடித்த பிறகு கம்ப்யூட்டரில் கொடிகளை மாற்றி வடகொரியா ஆக்கினார்கள். இல்லாவிட்டால் சீனாவில் டிக்கெட் விற்க முடியாது, அவ்வளவுதான். 'டாப் கன்' இரண்டாம் பாகத்தின் 2019 டிரெய்லரில் ஹீரோவின் ஜாக்கெட்டிலிருந்து தைவான் கொடி காணாமல் போனது. அப்புறம் சீனக் கம்பெனி டென்சென்ட் படத்தின் முதலீட்டிலிருந்து விலகியது, 2022ல் படம் வந்தபோது கொடி பழையபடி ஜாக்கெட்டில் இருந்தது. வியட்நாமாவது தடை என்று வெளிப்படையாக அறிவிக்கிறது, இந்த வெட்டல் ஒட்டல் எல்லாம் நமக்குத் தெரியவே தெரியாது.