மலபார் மரத்தேரையைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில், பருவமழை தொடங்கிய இரண்டாம் நாள் இரவு, ஓடையோரச் செடியின் இலைமேல் ஒரு குட்டித் தேரையைப் பார்த்தேன். நான்கு செ.மீ. கூட இருக்காது. சருகு நிறம், முதுகெல்லாம் சின்னச் சின்னப் பருக்கள், கண்ணுக்குக் கீழிருந்து இடுப்புவரை வெள்ளைப் பட்டை. விரல் நுனிகள் மரத்தவளைக்கு இருப்பதுபோல் சற்று அகன்றிருந்தன. தொண்டை உப்பி உப்பி அடங்கியது. மலபார் மரத்தேரை என்றுதான் நினைக்கிறேன். அறிவியல் பெயர் பெடோஸ்டைபிஸ் டியூபர்குலோசஸ்.

டார்ச்சை அடித்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டது. அதுதான் மனதை உறுத்துகிறது. சிவப்பு விளக்கு வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அதற்குத் தொந்தரவு குறைகிறதா?

இன்னொன்று. முதல் மழைக்குப் பிறகு எத்தனை நாள் வரை ஓடைப்பக்கம் இருக்கும்? மற்ற நாட்களில் மரப்பொந்துகளில் தங்குமாம்; பொந்துக்குள் எட்டிப் பார்க்க எனக்கு மனமில்லை. கையால் தொடவும் மாட்டேன். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை செருப்பு வழியாகவும் பரவக்கூடும் என்பதால், காட்டுக்குள் போகும் முன் காலணியை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

அப்புறம், இடத்தின் பெயரைக் கேட்காதீர்கள். அழியும் ஆபத்தில் உள்ள உயிர்.