ஜார்ஜெட் அனார்கலியின் கீழ் விளிம்பு சுருங்குகிறது, உதவுங்கள்

வணக்கம். நான் தினமும் உடுத்துவது காட்டன் புடவைதான். அனார்கலி போடப் போவதே இல்லை. ஆனால் முழு வட்டமாக வெட்டிய துணி சுழன்று விழும் அழகைப் பார்த்ததிலிருந்து, ஒன்றாவது என் கையால் தைத்துவிட வேண்டும் என்று ஆசை. தைத்து அலமாரியில் மாட்டி வைத்தாலே போதும் எனக்கு.

துணி பாலியெஸ்டர் ஜார்ஜெட், 44 அங்குல அகலம், 5 மீட்டர். இடுப்பு 30, பாவாடைப் பகுதியின் உயரம் 38 அங்குலம். இரண்டு அரை வட்டமாக வெட்டி இணைத்தேன். விளிம்பு மட்டும் ஏறக்குறைய 7 மீட்டர் வருகிறது. மெஷின் காலால் மிதிக்கும் பழையது, நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஊர் திண்டுக்கல்.

வெட்டி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு நாள் தொங்கவிட்டதில் குறுக்குவாட்டம் (இழை சாய்வாக ஓடுவது) வரும் நான்கு இடங்களிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கிவிட்டது. அதைச் சமமாக வெட்டினேன். பிறகு மடித்துத் தைத்தால் சுருக்கம் விழுகிறது. 16 ஊசியை மாற்றி 11 போட்டேன், நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினேன், அடியில் மெல்லிய காகிதம் வைத்தும் தைத்தேன். நேர் இழை வரும் இடங்கள் சரியாகிவிட்டன. அந்த நான்கு இடங்கள் மட்டும் இன்னும் முறுக்கிக்கொள்கின்றன. இரண்டு முறை பிரித்தாயிற்று, இனிப் பிரித்தால் துணி தாங்காது.

கடையில் பீக்கோ போடக் கொடுத்தால் அந்த இடங்கள் அலை அலையாக விரிந்துவிடுமா, அல்லது கையால் சுருட்டித் தைப்பதுதான் நல்லதா?