53 வயதில் நின்றபடி ஆரம்பிக்கச் சொல்கிறார் மாஸ்டர்: முட்டிக்கு வம்பில்லாத டேக்டவுன் (நிற்கிற ஆளைத் தரையில் வீழ்த்துவது) எது?

வேளச்சேரி_53:

வணக்கம். பள்ளி நாட்களில் கராத்தே கற்று, பிரவுன் பெல்ட்டோடு விட்டவன் நான். மகளை ஜியு-ஜிட்சு (தரையில் கட்டிப் புரண்டு மடக்கும் கலை) வகுப்பில் சேர்க்கப் போனேன். வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பானேன் என்று நானும் சேர்ந்துவிட்டேன். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. இதுவரை எல்லா ரவுண்டும் முட்டி போட்டுத்தான் ஆரம்பம். அடுத்த மாதத்திலிருந்து நின்றபடி ஆரம்பிக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

வலது முட்டியில் பழைய மெனிஸ்கஸ் (மூட்டுக் குருத்தெலும்பு) கிழிசல். படி இறங்கும்போது இன்னும் முனகும். எதிராளியின் இரண்டு காலையும் பிடித்து வீழ்த்தும் டபுள் லெக் கற்றுக் கொடுத்தார்கள். முட்டியைத் தரையில் வைத்துப் பாயும் அந்த முதல் அடியிலேயே உயிர் போகிறது. முதுகும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அதனால் தூக்கிப் போடுகிற வேலையும் ஆகாது. கூட இருக்கும் பையன்களுக்கு 24, 25 வயது. ஓஎம்ஆரில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த ஆத்திரத்தை சாயங்காலம் என் மேல் தீர்த்துக்கொள்கிறார்கள்.

வீடியோ ஒன்றில் தானி ஓதோஷி பார்த்தேன். எதிராளியின் பின்பக்கம் காலை நீட்டி உட்கார்ந்தால் அவரும் விழுந்துவிடுகிறார். இது நமக்குச் சரிப்படும் போலிருக்கிறதே?

பெரம்பூர் பழைய ஜூடோ:

சார், அது மட்டும் வேண்டாம். எனக்கு 61. என் இடது முட்டி போனது இதில்தான்.

46 வயதில், ஒரு வகுப்பில். போட்டவர் 90 கிலோ, தங்கமான மனுஷர். அவர் பின்னால் உட்கார்ந்தார், நான் நேராக மல்லாக்க விழாமல் பக்கவாட்டில் திரும்பிவிட்டேன். என் பாதம் மேட்டில் (பயிற்சி மெத்தையில்) ஊன்றியபடியே இருந்தது, அவர் எடை மொத்தமும் முட்டியின் வெளிப்பக்கம் இறங்கியது. முட்டி உள்ளே மடங்கிவிட்டது. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். பாவம், என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார். முட்டி பக்கவாட்டில் மடங்குகிற மூட்டே இல்லை. உங்களுக்கு அது உட்காருகிற வேலைதான், ஆனால் அந்த ஓஎம்ஆர் பையன் ஆறு மாதம் படுத்துவிடுவான். இதேபோல கத்திரிக்கோல் மாதிரி இரண்டு காலையும் மாட்டி விழுகிற கானி பசாமியையும் தொடாதீர்கள். 1980-ல் ஜப்பான் ஜூடோ வீரர் யாமாஷிட்டாவுக்குக் கால் எலும்பு முறிந்தது அதில்தான். பிறகு ஜூடோ போட்டிகளில் அதற்குத் தடையே வந்துவிட்டது.

நம் வயதுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: அவர் கீழே போகும்போது நான் நின்றுகொண்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து உருண்டால் யார் கால் யாருக்கு அடியில் சிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

முதலில் ஸ்னாப் டவுன். ஒரு கை பிடரியில், ஒரு கை அவர் முழங்கையில். லேசாகத் தள்ளுங்கள். இளவட்டம் சும்மா இருக்காது, திருப்பித் தள்ளும். அந்த நொடியில் ஒரு அடி பின்வாங்கி, உங்கள் இரண்டு முழங்கைகளும் இடுப்புக்கு வருகிற மாதிரி கீழே இழுங்கள். அவர் கை தரையில் ஊன்றும், நீங்கள் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் போய்விடலாம். கழுத்தை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இந்த ஊரில் லேப்டாப் பார்க்கிற பாதிப் பேருக்குக் கழுத்துத் தேய்மானம் இருக்கிறது.

அடுத்தது ஆர்ம் டிராக். அவர் வலது மணிக்கட்டை உங்கள் இடது கையால் பிடித்து, வலது கையை அவர் அக்குள் பக்கமாக விட்டு மேல்கையைக் கொக்கி போடுங்கள். அந்தக் கையை உங்கள் வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இடது காலை அவருக்கு வெளியே வையுங்கள். பஸ்ஸில் ஒருவரைக் கடந்து படிக்கட்டுக்குப் போகிற அதே அசைவு. பின்னால் போனதும் இடுப்பைக் கட்டிக்கொள்ளுங்கள். தூக்க வேண்டாம். உங்கள் எடையை அவர் இடுப்பின் மேல் சாய்த்து முன்னால் நடத்துங்கள், தானாகவே கையை ஊன்றிவிடுவார்.

கி (தடித்த பயிற்சிச் சட்டை) போட்ட வகுப்பு என்றால் மூன்றாவதாகக் கோசோதோ கரி. 'கரி' என்றால் கதிர் அறுப்பது. அவர் வலது காலில் எடை இறங்கும்போது, உங்கள் இடது உள்ளங்காலால் அந்தக் குதிகாலை வெளியிலிருந்து அவர் கால்விரல் பக்கமாக வாருங்கள். சட்டைக் கையைக் கடைசிவரை விடாமல் பிடித்து, ஆளை மெதுவாக இறக்குங்கள். எட்டி உதைத்தால் இரண்டு பேருக்கும் கணுக்கால் வீங்கும். நேரம் பிடிபட எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் விழக் கற்றுக்கொள்ளுங்கள். மோவாயை நெஞ்சோடு சேர்த்து உங்கள் பெல்ட் முடிச்சைப் பாருங்கள். குந்தின நிலையிலிருந்து பின்னால் உருண்டு பழகலாம். முட்டி குந்த விடாவிட்டால் தரையில் உட்கார்ந்தே ஆரம்பியுங்கள். வகுப்புக்குப் பத்து முறை. கையை மட்டும் ஊன்றாதீர்கள். எங்கள் செட்டில் மணிக்கட்டு உடைந்தவர்கள் எல்லோரும் கை ஊன்றியவர்கள்தான்.

அண்ணாநகர் அக்கா:

47 வயது, நீல பெல்ட். பெரம்பூர் சார் சொன்னதோடு ஒன்று. மேட் என்ன தடிமன் என்று பாருங்கள். கராத்தேக்குப் போடும் 20 மில்லிமீட்டர் மேட் எறிந்து விழுவதற்குப் பத்தாது. 40 ஆவது இருக்க வேண்டும். துண்டு துண்டாகக் கோக்கிற மேட் என்றால் இடுக்கில் கால்விரல் மாட்டும். மே மாதத்தில் இரண்டு ரவுண்டுக்கு ஒருமுறை வியர்வையைத் துடைக்காவிட்டால் ஊன்றிய கால் சறுக்கிவிடும்.

அப்புறம், ரவுண்டுக்கு முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "தம்பி, வலது முட்டி சரியில்லை. நீ பிடித்துவிட்டால் நானே கீழே போய்விடுகிறேன்." எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சொன்ன நாளிலிருந்து பையன்கள் அதைக் கேட்டு நடக்கிறார்கள். கேட்காத ஒருவரோடு நான் ரோல் (பயிற்சிச் சண்டை) செய்வதில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, ஜியு-ஜிட்சுவில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நீங்களாக உட்கார்ந்து கார்டு (கீழிருந்து கால்களால் எதிராளியைத் தடுக்கும் நிலை) போடலாமே. கௌரவம் பார்க்காதீர்கள்.

திருவான்மியூர் தம்பி:

சார், பீச் மணலில் பழகினால் அடி படாதில்லையா?

பெரம்பூர் பழைய ஜூடோ:

விழுவதற்கு மணல் பரவாயில்லை. ஆனால் பாதம் புதைந்து நிற்கும்போது உடம்பு திரும்பினால் முட்டியும் கணுக்காலும்தான் முறுக்கிக்கொள்ளும். மாமல்லன் ஊர் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக நாமும் மல்லர்கள் ஆகிவிட முடியாது தம்பி.

வேளச்சேரி_53:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தானி ஓதோஷியை விட்டுவிட்டேன். மாஸ்டரிடம் கேட்டபோது அவரும் முகத்தைச் சுளித்தார். ஸ்னாப் டவுன் இரண்டு முறை விழுந்தது, அதில் ஒன்று உண்மையாகவே. அந்தப் பையன் எழுந்து "இன்னொரு தடவை சார்" என்றான். அந்த இன்னொரு தடவையில் நான் மல்லாந்தேன். பெல்ட் முடிச்சைப் பார்த்தபடிதான் விழுந்தேன். தலை அடிபடவில்லை.

ஒரே தப்பு, கோசோதோ கரியை மகளுக்கும் படித்துக் காட்டிவிட்டேன். நான்கு நாளாக என் குதிகாலையே குறி வைக்கிறாள். இதற்கு என்ன மாற்று?

பெரம்பூர் பழைய ஜூடோ:

அவள் கால் வரும்போது உங்கள் காலை முட்டி மடக்கித் தூக்கிவிடுங்கள், வாருவதற்கு ஒன்றும் இருக்காது. நேரம் தப்பினால் அக்கா சொன்ன மாதிரி உட்கார்ந்துவிடுங்கள்.