19,000 கெல்வின் தங்கம்: அளந்தது வெப்பநிலைதானா?

நெம்புகோல்:
2025 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த கட்டுரையைப் பற்றித்தான். கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 50 நானோமீட்டர் தங்கத் தகட்டை லேசரால் சூடாக்கி, எக்ஸ் கதிரால் அளந்து, 19,000 கெல்வின் என்கிறார்கள். சூரியனின் மேற்பரப்பே 5,800தான். லேசர் முதலில் எலெக்ட்ரான்களைத்தான் சூடாக்கும், அயனிகளுக்கு, அதாவது எலெக்ட்ரான் இழந்த அணுக்களுக்கு, அந்தச் சூடு பிறகே இறங்கும். சமநிலைக்கே வராத பொருளுக்கு ஏது வெப்பநிலை?

மின்மினி:
இரண்டுக்கும் தனித்தனி வெப்பநிலை சொல்வது இத்துறையில் வழக்கம்தானே. இங்கே அளந்தது அயனிகளுடையதை. நம் பக்கம் வரும் அணு, சிதறும் எக்ஸ் கதிரின் ஆற்றலைக் கொஞ்சம் கூட்டும்; விலகிப் போவது குறைக்கும். அதனால் சிதறிய கதிரின் ஆற்றலைக் காட்டும் கோடு அகலமாகிறது; அது எவ்வளவு அகலமோ, அணுக்களின் வேகங்கள் அவ்வளவு பரந்து கிடக்கின்றன. இடையில் கோட்பாட்டு மாதிரி (model) எதையும் நம்பியிருக்கத் தேவையில்லை.

நெம்புகோல்:
கருவியே கோட்டை அகலமாக்குமே! தகட்டின் இரு பக்கமும் ஒரே சூட்டில் இல்லாவிட்டால்?

மின்மினி:
அதற்குத்தான் அவ்வளவு மெல்லிய தகடு. தங்கத்தில் சூடான எலெக்ட்ரான்கள் 100 நானோமீட்டர் வரை மோதாமல் ஓடும், சூடு சீராகப் பரவிவிடும். கருவி விஷயம்: 19,000 கெல்வினில் தங்க அணுவின் வேகம் ஒரு திசையில் நொடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர். 7,500 எலெக்ட்ரான்வோல்ட் (ஆற்றலின் அலகு) கதிர் பின்னோக்கிச் சிதறினால் அதனால் வரும் மாற்றம் 45 மில்லி எலெக்ட்ரான்வோல்ட் அளவு. இதைப் பிரித்துக் காட்டும் கருவி அங்கே இருக்கிறது.

வெண்தணல்:
நடுவில் புகுகிறேன், மன்னிக்கவும். அடுத்தடுத்த தங்க அணுக்களுக்கு நடுவே 0.29 நானோமீட்டர்தான். 900 மீட்டர் வேகம் என்றால் அந்தத் தூரத்துக்கு மூன்றில் ஒரு பிக்கோ வினாடி போதும் (பிக்கோ வினாடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). ஆனால் தங்கம் 2 பிக்கோ வினாடிக்கு மேல் உருகாமல் படிகமாகவே இருந்ததாம். அது எப்படி?

மின்மினி:
அணு நேராக ஓடுவதில்லையே, பக்கத்து அணுக்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. தகடு விரியவும் நேரமில்லை. முக்கியமான காரணம் அதுதான் என்று கட்டுரையே சொல்கிறது.

நெம்புகோல்:
அப்படி வாருங்கள் வழிக்கு. உருகுநிலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் திடப்பொருள் தாங்காது என்று 1988இல் ஃபெக்ட், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் சொன்னது, சூடேறும்போது விரிகிற பொருளுக்கு. தங்கம் உருகுவது 1,337 கெல்வினில். இவர்கள் போனது 14 மடங்கு. ஆனால் விரிய விடாமல்! பிறகு வரம்பு உடைந்தது என்று செய்தியில் போடுவது என்ன நியாயம்?

மின்மினி:
செய்தித் தலைப்புக்கு ஆய்வாளர்கள் என்ன செய்வார்கள்? நீங்கள் தொடங்கியது வெப்பநிலையில், இப்போது நிற்பது வரம்பில். அளவீட்டில் இன்னும் குறை இருந்தால் சொல்லுங்கள்.

நெம்புகோல்:
இருக்கிறது. கோட்டின் அகலம் மட்டும் போதாது, வடிவமும் மணி போல இருக்க வேண்டும்; சமநிலையில் இருக்கும் அணுக்களின் வேகங்கள் அப்படித்தான் பரவும். இல்லாவிட்டால் அது சராசரி ஆற்றல், அவ்வளவுதான்.