ஓக் மரத்தில் ஹாப்ஸ் கொடி ஏற்றலாமா?

கிழக்குவேலி (கேள்வி):

வணக்கம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், கோர்வாலிஸ் பக்கம் ஒரு ஏக்கர் நிலம். வில்லமெட் பள்ளத்தாக்குக்கே உரிய களி கலந்த வண்டல் மண். தெற்கு ஓரத்தில் இரண்டு பழைய ஆரிகன் வெள்ளை ஓக் மரங்கள் நிற்கின்றன. உயரம் சுமார் 18 மீட்டர், தண்டிலிருந்து கிளை நுனி வரை 8 மீட்டர். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூங்கூம்புக்காகப் பன்னிரண்டு ஹாப்ஸ் செடி வைக்கத் திட்டம்.

தாண்டிக்குடிப் பக்கம் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றுவார்களே, அதுபோல இந்த ஓக் மரங்களிலேயே ஹாப்ஸை ஏற்றிவிட்டால் கம்பம், கம்பிச் செலவு மிச்சமாகுமா? முடியாதென்றால் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? இரண்டுக்கும் தண்ணீர், உரம், வெயில் தேவை எப்படி வேறுபடுகிறது?

கொடிப்பந்தல்:

ஏற்றாதீர்கள். ஹாப்ஸ் சரியாக வராது, மரமும் கெடும்.

முதலில் சில்வர் ஓக் கணக்கை மறந்துவிடுங்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரெவில்லியா. ஓக் குடும்பமே அல்ல. மிளகு நிழல் தாங்கும், கணுவில் விடும் வேரால் பட்டையைப் பிடித்துக்கொள்ளும், ஆண்டு முழுக்க மரத்திலேயே இருக்கும். ஹாப்ஸுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அதற்குப் பற்றுவேர் கிடையாது. தண்டிலுள்ள கொக்கி போன்ற மயிர்களால் மெல்லிய கயிற்றைச் சுற்றித்தான் ஏறும். பருத்த அடிமரத்தைச் சுற்ற அதனால் முடியாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் தரைக்கு மேலே உள்ளது முழுதும் காய்ந்துவிடும், வசந்தத்தில் அடிக்கிழங்கிலிருந்து புதிதாகக் கிளம்பும். அறுவடையின்போது கொடியைக் கயிற்றோடு அறுத்துக் கீழே இறக்க வேண்டும். 12 மீட்டர் உயரக் கிளையில் அதை எப்படிச் செய்வீர்கள்?

ஆனால் உண்மையான சிக்கல் தண்ணீர். நம் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மி.மீ. மழை. அக்டோபர் முதல் மே வரையே அநேகமாக எல்லாம் பெய்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் மண் வறண்டு கிடக்கும். ஆரிகன் வெள்ளை ஓக் அந்த வறண்ட கோடைக்குப் பழகிய மரம். வளர்ந்த மரத்தின் அடியில் கோடையில் தொடர்ந்து ஈரம் வைத்தால் ஆர்மில்லேரியா, பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமிகள் வேரையும் தூரையும் அழுகவைக்கும். இலை சிறுத்து, உச்சிக் கிளை காய்வது தெரியவரும்போது வேர் பெரும்பாலும் போயிருக்கும். ஹாப்ஸ் நேர்மாறு: ஜூலையில் வாரத்துக்கு 35 மி.மீ. அளவு கேட்கும். ஒரு செடிக்கு 2 சதுர மீட்டர் என்று வைத்தால் வாரம் 70 லிட்டர், நாளுக்கு 10 லிட்டர். ஒரே மண்ணில் இரண்டையும் திருப்தி செய்ய வழியில்லை.

தூரத்துக்கு, கிளைப்பரப்பின் ஆரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று வையுங்கள். உங்களுக்கு 8 மீட்டர், ஆகவே தண்டிலிருந்து 12 மீட்டர். அந்த வட்டத்துக்குள் சொட்டுநீர்க் குழாய், கம்பக் குழி, குழாய்ப் பள்ளம் எதுவும் வேண்டாம். ஓக்கின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல் அரை மீட்டர் மண்ணிலேயே இருப்பதால், ஒரு பள்ளம் வெட்டினாலும் அந்தப் பக்கத்து வேரெல்லாம் போய்விடும்.

நிழலையும் பாருங்கள். மரங்கள் தெற்கு ஓரம் என்கிறீர்கள். நிழல் வடக்கே, நிலத்துக்குள் விழும். ஆகஸ்ட் நடுவில் உச்சி வெயிலிலேயே 18 மீட்டர் மரத்துக்கு 11 மீட்டர் நிழல். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். அதனால் 12 மீட்டர் போதாது, 20 மீட்டர் தள்ளிப் போங்கள். ஹாப்ஸுக்குக் குறைந்தது 6 முதல் 8 மணி நேர நேரடி வெயில் வேண்டும்.

நார்க்கயிறு:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நடவு விவரத்தை நான் சேர்க்கிறேன்.

இங்கே ஹாப்ஸுக்கு முதல் எதிரி அடிச்சாம்பல் நோய். காரணம் ஈரமான வசந்தம். அதனால் ரகத்தை முதலில் தீர்மானியுங்கள். கோர்வாலிஸ் ஆராய்ச்சியில் உருவாகி 1972-இல் வெளிவந்த காஸ்கேட், இந்த நோயை ஓரளவு தாங்கும். முதல் நடவுக்கு அதையே எடுங்கள். பெண் செடி மட்டும் வாங்குங்கள். பூங்கூம்பு பெண் செடியில்தான் வரும். பக்கத்தில் ஆண் செடி இருந்தால் விதை பிடித்துவிடும்.

மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில், மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதத்தில், 10–15 செ.மீ. நீளக் கிழங்குத் துண்டை மொட்டு மேலே பார்க்க 3–5 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். செடிக்குச் செடி 1 மீட்டர், வேறு ரகத்துக்கு 1.5 மீட்டர். களிமண் என்பதால் 20–25 செ.மீ. மேட்டுப்பாத்தி அவசியம், குளிர்காலத்தில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். மண்ணின் அமில-கார அளவு (பி.எச்.) 6 முதல் 6.5 நல்லது.

பந்தல் உயரம் 5.5 மீட்டர். 7 மீட்டர்க் கம்பம் எடுத்தால் 1.5 மீட்டர் மண்ணுக்குள் போய்விடும். கோடி இரண்டிலும் இழுகம்பி கட்டாயம். ஆகஸ்டில் இலையும் கூம்பும் நிறைந்த நிலையில் காற்று தள்ளும்போது கோடிக் கம்பம்தான் முதலில் சாயும். கயிற்றுக்குத் தென்னை நார்க்கயிறு. இந்த வட்டாரத்துப் பண்ணைகளிலேயே இலங்கையிலிருந்து வரும் நார்க்கயிறுதான் புழங்குகிறது. கொக்கி மயிருக்கு நல்ல பிடிப்பு, பருவம் முடிந்ததும் கொடியோடு சேர்த்து மட்கவைக்கலாம். வழவழப்பான நைலானில் கொடி வழுக்கி இறங்கும்.

முதலில் கிளம்பும் தடித்த, உள்ளே பொள்ளலான தளிர்களை வெட்டிவிடுங்கள். அடிச்சாம்பல் நோய் குளிர்காலத்தைக் கிழங்கில் கழித்து இந்தத் தளிரில்தான் முதலில் தலைகாட்டும். குட்டையாக, வெளிறி, இலை கீழ்நோக்கிச் சுருண்டு, இலையடியில் கருஞ்சாம்பல் பூத்திருந்தால் அதைப் பிடுங்கி வெளியேற்றுங்கள். பிறகு வரும் தளிர்கள் 60 செ.மீ. ஆனதும், மே முதல் வாரத்தில், கயிற்றுக்கு 2–3 தளிர் என்று செடிக்கு இரண்டு கயிற்றில் ஏற்றுங்கள். சுற்றும் திசை முக்கியம்: மேலிருந்து பார்த்தால் கடிகாரமுள் திசை. பீன்ஸ் கொடி பழக்கத்தில் எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் தானே அவிழ்ந்து விழும்.

வளர்ந்த செடிக்கு ஆண்டுக்கு 70–75 கிராம் தழைச்சத்து, ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை மூன்று தவணை. முதல் ஆண்டு பாதி போதும். பூ வரத் தொடங்கிய பிறகும் போட்டுக்கொண்டே இருந்தால் இலை மதமதவென்று பெருகி அசுவினியும் செம்பேனும் வந்து சேரும். கொடி உச்சியைத் தொட்டதும் அடியிலிருந்து 90 செ.மீ. வரை இலையை உருவிவிடுங்கள், காற்றோட்டம் கிடைக்கும். முதல் ஆண்டு விளைச்சலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டிலிருந்து நல்ல செடிக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை உலர்ந்த கூம்பு எதிர்பார்க்கலாம்.

கிழக்குவேலி:

மிக்க நன்றி, மரங்களைத் தொடவில்லை. மேற்கு ஓரம் காலி. அங்கே இதே மரத்து விதையிலிருந்து புதிய ஓக் வளர்க்கலாமா? பீப்பாய் செய்யும் அளவுக்கு அந்த மரம் எப்போதாவது தேறுமா?

வைரப்பகுதி:

அவசியம் வளருங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் ஓக் புல்வெளிகளில் மிகச் சிறு பகுதியே எஞ்சியிருக்கிறது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான கலாபுயா மக்கள் காலங்காலமாக நெருப்பிட்டுக் காத்த நிலம் அது. தீ நின்றபின் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரம் புகுந்து மேலே வளர்ந்து ஓக்கை நிழலில் சாகடிக்கிறது. உங்கள் பழைய மரங்களின் அடியில் ஃபிர் கன்று தெரிந்தால் இப்போதே வெட்டுங்கள்.

விதையை செப்டம்பர் கடைசி முதல் நவம்பருக்குள் விழுந்த உடனே பொறுக்க வேண்டும். முதலில் விழுபவற்றில் பூச்சி அதிகம். வாளி நீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குங்கள், சிறு துளை உள்ளதையும். நெல் விதைபோல உலர்த்தி வைக்கும் பேச்சே இல்லை. ஓக் விதை உலர்ந்தால் செத்தது. வெள்ளை ஓக் வகை இலையுதிர் காலத்திலேயே வேர் விட்டுவிடும், ஆகவே அந்த மாதமே நிலத்தில் நேரடியாக ஊன்றுங்கள்: படுக்கைவாட்டில், 3–5 செ.மீ. ஆழம், குழிக்கு மூன்று விதை, மேலே 1 செ.மீ. கண்ணுள்ள கம்பிவலை. இல்லாவிட்டால் அணிலும் ஜே பறவையும் மிச்சம் வைக்காது. தொட்டியில் போட்டால் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும்; போட்டே ஆக வேண்டுமென்றால் 40 செ.மீ. ஆழத் தொட்டி.

கன்று சாவது பெரும்பாலும் புல்லால். புல் வசந்த ஈரத்தை முழுதும் உறிஞ்சிவிடும். கன்றைச் சுற்றி 1 மீட்டர் சதுரத்துக்கு மூடாக்கு அல்லது களைத்துணி, நாலைந்து ஆண்டுகளுக்கு. மான் கடிக்காமலிருக்கக் கன்றைச் சுற்றி 1.2 மீட்டர் உயரக் காப்புக் குழாய். முதல் இரண்டு கோடையில் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆழமாக நீர் விட்டு, பிறகு நிறுத்திவிடுங்கள். உரம் வேண்டாம்.

பீப்பாய்க்கு உங்கள் காலத்தில் தேறாது. நேரான, முடிச்சில்லாத அடிமரம் வேண்டும். நூறு ஆண்டுக் கணக்கு அது. இந்த இனம் வேறு கோணலாக வளரும். மரத்தின் குணம் தகும்: வெள்ளை ஓக்கில் வைரப்பகுதியின் நீர்க்குழல்கள் டைலோஸ் என்ற வளர்ச்சியால் தாமே அடைபடுவதால் பீப்பாய் ஒழுகாது. செவ்வோக்கில் பொதுவாக அவை திறந்தே இருக்கும், ஒழுகும். பலகையை 24–36 மாதம் வெட்டவெளியில் மழையில் நனையவிட்டு உலர்த்துவதும் கசப்பான டானின் குறையத்தான். விழுந்த கிளையைச் சீவி நேராக பீரில் போட நினைக்காதீர்கள்.

கொடிப்பந்தல்:

அந்தக் கடைசி வரியை ஒட்டி: 19 லிட்டர் பீருக்கு, வாட்டி எடுத்த ஓக் சில்லு 30–50 கிராம் போதும். வாரம் ஒருமுறை ருசி பார்த்து, மரச் சுவை ஓங்குவதற்குள் எடுத்துவிடுங்கள்.

ஹாப்ஸ் அறுவடைக்கு ஆகஸ்ட் கடைசியில் இப்படிச் சோதியுங்கள். 100 கிராம் பச்சைக் கூம்பை எடை மாறாமல் நிற்கும்வரை முழுக்க உலர்த்தினால் 23 கிராம் அளவுக்கு நின்றால் பறிக்கும் பதம். மீதியை 60 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில் 8–10 சதவீத ஈரத்துக்கு உலர்த்துங்கள், அதாவது 100 கிராம் சுமார் 25 கிராம் ஆகும்வரை. நடுக்காம்பு வளையாமல் முறிய வேண்டும்; இதழ் மட்டும் காய்ந்து காம்பு ஈரமாக இருந்தால் பையில் பூசணம் பிடிக்கும். காற்றை உறிஞ்சி மூடி உறைநிலையில் வையுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் கவனம். ஹாப்ஸ், கொதிக்கவைத்துப் பிழிந்த சக்கை உட்பட, நாய்க்கு நஞ்சு. உடல் சூடு தாறுமாறாக ஏறி உயிரே போகலாம். சக்கையைத் திறந்த மட்குக் குழியில் கொட்டாமல் மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். மேற்கு ஓரத்தில் மாடோ குதிரையோ மேய விடுவதாக இருந்தால் ஓக் விதை உதிரும் காலத்தில் அந்தப் பக்கம் வேலி அடைத்துவிடுங்கள். விதையிலுள்ள டானின் அவற்றின் சிறுநீரகத்தைத் தாக்கும்.